தாழ்ப்பாள் இல்லாத மூன்று கதவுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன், அப்பாவும் தம்பியும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று வழக்கம்போல் எழுத வந்தால் கை ஓடவில்லை. வீட்டுக்கு எழுதாமல் நீ வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எழுதுகிறேனே என்று திகைக்காதே, வீட்டுக்கு வரும் தபாலை யார் பிரிக்கிறார் என்று உன்னோடு அங்கே இருந்த ஒன்பது நாளில் பார்த்துவிட்டேன். உன்னோடு வேலை செய்யும் அந்த அக்கா இதை உன் கையிலேயே கொடுப்பாள் என்று நம்புகிறேன்.

இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் வெளிநாடு எப்படி இருந்தது என்று துளைக்கிறார்கள். பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வருகிறது, ரோட்டைக் கடக்கக் காலை வைத்தால் கார் நின்றுவிடுகிறது என்று அளக்கிறேன். பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல் கயிறு, கயிற்றுக்கு மேல் பெயர்ச்சீட்டு என்று போனவளை ஒரு திருடனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பொண்ணு இளைச்சிருக்காளா என்று கேட்டார், இல்லை என்று பொய் சொன்னேன்.

என் குணம் உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள், எந்த வீட்டில் படுத்தாலும் முதலில் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பேன். உன் வீட்டில் போட்டுப் பார்க்கத் தாழ்ப்பாளே இல்லை. உங்கள் படுக்கையறை, குளியலறை, நான் படுத்த சின்ன அறை, மூன்று கதவிலும் ஸ்குரூ ஓட்டைகள்தான் இருந்தன, மேலே புது பெயிண்ட். மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, துருப்பிடிச்சுப் போச்சு அத்தை, கழட்டிட்டேன் என்று சிரித்தார். துருப்பிடித்ததற்குக் குளியலறைக் கதவு நிலை ஏன் பிளந்திருக்கிறது? நீ தட்டுக் கழுவிக்கொண்டு நின்றாய், திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது, உன் போன் எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருந்ததும், நாம் இரண்டு பேரும் கடைக்குக் கிளம்பினால் உடனே அவரும் செருப்பை மாட்டியதும். இனி அவனை மாப்பிள்ளை என்று எழுத எனக்கு மனம் வராது.

என்னை நானே மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தில் அவன் டிராலி எடுக்கப் போன இரண்டு நிமிஷத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா நானும் வந்துடவா என்றாய். நான் பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே, என்னடி விளையாட்டு, கேட்டை மூடிடப் போறாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். உட்கார்ந்து மணி பார்த்தால் விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பாவி, அந்த மூன்று மணி நேரமும் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர எழுந்து உன்னிடம் வரத் தோன்றவில்லை. யார் யார் பெற்ற பெண்களுக்கோ காவல் இருந்துவிட்டு என் பெண் கேட்டதைக் காதில் வாங்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லையம்மா.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, எழுந்து போய் உன் அறையில் அடுக்கியிருந்த சாமான்களை வெளியே எடுத்துக் கட்டிலைத் துடைத்தார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நீ யோசிக்காதே, அந்த நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முடிந்தால் உன் பாஸ்போர்ட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்து வை. முடியாவிட்டால் விட்டுவிடு, அதைத் தேடப் போய் அவனிடம் மாட்டிக்கொள்ளாதே, வேறு வாங்கலாம். வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பில் தெம்பு வேண்டும். என் விசா இன்னும் இரண்டு மாதம் செல்லும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. படித்ததும் இதைக் கடையிலேயே கிழித்துப் போட மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து உன்னை என்னோடு போனில் பேசச் சொல்லும்போது, முழங்கால் வலி எப்படிம்மா இருக்கு என்று கேள். எனக்கு அப்படி ஒரு வலியே கிடையாது, ஆனால் என் வயசுக்கு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கேட்டால் மறுநாளே கிளம்பி உன் கடை வாசலில் வந்து நிற்பேன். கேட்காவிட்டாலும் வருவேன்.

உன் அம்மா