ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு பார்த்த படம்

ஜூன் 3

பெறுநர்: கல்வி அலுவலர், ஓவியக் கூடம்
பொருள்: பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவசப் பார்வை – விவரம் கேட்டல்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. என் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். கழிப்பறைகள் எத்தனை? சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடுவது? எதையாவது தொட்டுவிட்டால் என்ன ஆகும்? தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை, ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

*

ஜூன் 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

‘அம்மையீர்’ என்று படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் கையெழுத்தைப் பார்த்தேன். மூன்று வருஷமாக நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. எல்லாப் பள்ளிக்கும் போன சுற்றறிக்கைக்குப் பதில் போட்டிருக்கிறாய். போகட்டும், அதுவே எனக்குக் கொண்டாட்டம்!

கழிப்பறை நான்கு. பின்பக்க முற்றத்தில் சாப்பிடலாம். படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் காவலர் ஒரு முறைப்பு முறைப்பார், அவ்வளவுதான். ஆனால் முதலில் டீச்சர்மார் வர வேண்டும். சனிக்கிழமை ஒருநாள் பயிற்சி. வருவாயா?

உன் அக்கா

*

ஜூன் 16

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பயிற்சிக்கு நன்றி. நாங்கள் பன்னிரண்டு டீச்சர்கள், ஒரே படத்தைப் பத்து நிமிஷம் பார்க்கச் சொன்னீர்கள். மூன்றாவது நிமிஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. ஏழாவது நிமிஷத்தில் நாற்காலிக்கு அடியில் நாய் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாய்விட்டு “ஐயோ, நாய்!” என்று கத்தினேன். நீங்கள் சிரித்தது எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு ஜன்னலையும் அப்படியே வெறித்துக்கொண்டு வந்தேன்.

நாற்பது பேரை அழைத்து வருகிறேன். ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டும். பட்டாசு என்றுதான் பள்ளியே அவளைக் கூப்பிடும். வாயை மூடத் தெரியாது. ‘ஒரு புகார் வந்தாலும் இந்த வருஷம் வேறு எங்கேயும் கிடையாது’ என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர்கள். இவர்களுக்கு வெளியே போவதே அபூர்வம். ஒருத்திக்காக நாற்பது பேருக்குக் கெடுக்க முடியாது.

வகுப்பாசிரியை

*

ஜூன் 19

தங்கச்சி,

நாற்பத்தொன்று என்று எழுதிக் கேட்டாய், நாற்பத்தொருவருக்கும் பாய் போட்டிருக்கிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வா. என் குழுவில் விடு. புகார் வந்தால் என் தலையில் போடு.

அக்கா

*

ஜூன் 27

அடியே,

பஸ் கிளம்பி ஒரு மணி நேரம்தான் ஆகிறது. கை பரபரக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நீ பாதிப் பிள்ளைகளோடு மாடியில் இருந்தாய். கீழே நடந்ததைக் கேள்.

ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் சின்னக் கவுனோடு உட்கார்ந்திருக்கும் படம். ‘தையல் வேலை’ என்று நாற்பது வருஷமாக அட்டை தொங்குகிறது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். திடீரென்று உன் பட்டாசு எழுந்தாள்.

“ஊசி எங்க மிஸ்?”

“சின்னதில்லையா, வரையாம விட்டிருப்பாங்க.”

“நூல மட்டும் வரைஞ்சிருக்காங்களே! துண்டு துண்டா மடியில கிடக்கு பாருங்க. இவங்க தைக்கல. பிரிக்கிறாங்க!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்தவள் விடுவாளா? “ஆமா மிஸ், கீழ ஒரு பட்டை மட்டும் புதுசா இருக்கு. மடிச்சுத் தச்சிருந்த இடம் அது. வெயில் படாததால வெளுக்கல.” அதைக் கரை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

“சரி, ஏன் பிரிக்கிறாங்க?” என்றேன்.

“பொண்ணு வளந்துட்டா. நீளமாக்கணும்ல?” என்றாள் பட்டாசு. உடனே இருபது பேரும் ஒரே கத்தல். சத்தம் கேட்டு இயக்குநரே வந்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அந்த மனுஷன் பாயில் முட்டி போட்டு, “இன்னொரு தடவ சொல்லும்மா” என்றார்!

படங்களைச் சீர்செய்பவர் இப்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஊசி இல்லவே இல்லை. மூடிய கைக்குள் கத்தரிக்கோல் முனை தெரிகிறது. புது அட்டை வரப்போகிறது: ‘தையல் பிரிக்கும் பெண்’. அதன் கீழே ‘கண்டறிந்தவர்கள்: ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு’.

இந்தச் சூட்டிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆறினால் சொல்ல மாட்டேன். நானும் அதே பள்ளியில் உன்னோடு டீச்சராக இருந்தவள். வேலையை விட்டு இங்கே வருவதை உன்னிடம் சொல்லாமல், தலைமையாசிரியை வாயால் நீ தெரிந்துகொள்ளும்படி விட்டேன். சொன்னால் ‘போகாதே’ என்பாய். நீ சொன்னால் நான் போயிருக்க மாட்டேன். அதுதான் பயம். தப்பு என்னுடையது.

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்தின் முன்பாதியைத் தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை வாசித்தார். பின்பாதியை நான் தனியாக வாசித்தேன்.

சாயங்காலம் பட்டாசின் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார், மகள் எதையோ உடைத்துவிட்டாள் என்று. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நாள் பூரா எனக்கு அந்த வேலைதான் டீச்சர். தப்பா தச்சத பிரிக்கிறது. அதப்போய் படமா வரைஞ்சு மாட்டி வெச்சிருக்காங்களா?” பார்த்தே ஆக வேண்டுமாம். இதுவரை முப்பத்து நான்கு அம்மாக்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஞாயிறுதான் லீவு. அன்றைக்குக் கூடம் திறந்திருக்குமா? இல்லையென்றால் திறக்க வை.

நீ சொன்னது சரி. ‘போகாதே’ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீ போன மறுநாள் உன் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்து “எங்க டீச்சர் எங்க?” என்று கேட்டார்கள். உன் கூடப் பிறந்தவள், எனக்குப் பதில் தெரியவில்லை. வாசலில் நின்று முழித்தேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இரண்டு பக்கம் திட்டி எழுதினேன். திருப்தியாகவே இல்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு வா. நேரில் திட்டுகிறேன். மறுநாள் காலையில் அம்மாக்களோடு ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.

உன் தங்கச்சி