தமிழ் எழுத்தில் ஒரு ஸ்பானியக் கொப்பி

1998 பெப்ரவரி 5, வியாழன்

காலை ஐந்தரைப் பாடம் இன்றும் இரைச்சலோடுதான் வந்தது. வானொலி ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்கும்போது எல்லாம் தெளிவு. ஸ்பானிய வாக்கியத்தைச் சொல்லும் நேரம் பார்த்து வாவிக்கு மேலால் ஆமி ஹெலிகொப்டர் போகிறது. மூன்று வாக்கியம் பிடித்தேன். நான்காவதில் பாதி.

கேட்டதைக் கேட்டபடி தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். புத்தகம் இல்லை, வானொலி நிலையத்துக்கு இரண்டு தடவை எழுதியும் ஒன்றும் வந்து சேரவில்லை. பொருள் எழுதுவதில்லை. எழுதினால் கண் அதைத்தான் பார்க்கும், மனம் சோம்பிவிடும். பக்கத்தின் தலையில் திகதி, நேரம், அலைவரிசை எண். இரண்டரை வருடத்தில் நூற்றெழுபது பக்கம்.

றம்லாவும் நானும் வந்தாறுமூலையில் ஒரே நூலகத்தில் வேலை. அவள் காத்தான்குடியில் என் பஸ்ஸில் ஏறுவாள். "நாப்பத்தெட்டு வயசில ஸ்பெயின்காரன் ஆரையும் பாத்து வெச்சிருக்கீங்களா அக்கா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப இந்தப் பாஷை என்னத்துக்கு?"

அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். சிங்களத்தில் என்னை அதட்டியிருக்கிறார்கள். தமிழில் மிரட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அனுதாபப்பட்டிருக்கிறார்கள். ஸ்பானியத்தில் இதுவரை ஒருவரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை.

பெப்ரவரி 6

வானொலிக்குப் பற்றரி நாலு வாங்கினேன். ஆமிக்குக் காட்டவேண்டும் என்று கடைக்காரர் என் பெயரையும் அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டார்.

பெப்ரவரி 10, செவ்வாய்

கொப்பியை எடுத்துவிட்டார்கள்.

வழக்கம்போலப் பாலத்தடிச் சென்றியில், ஆமி சோதிக்கும் இடத்தில், எல்லாரும் இறங்கி, பைகளைத் திறந்துகொண்டு வரிசையில் நடந்தோம். பை பார்க்கும் பெண் சிப்பாய் கொப்பியைப் புரட்டினாள். எண்களைக் கண்டதும் நிறுத்தினாள். திகதி, நேரம், எண். திகதி, நேரம், எண். இன்னொருவனைக் கூப்பிட்டாள். நாளைக் காலை இராணுவ முகாமுக்கு வரவேண்டுமாம்.

றம்லா பஸ்ஸை நிறுத்திவைத்துக் காத்திருந்தாள். வழி முழுவதும் ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெப்ரவரி 11, புதன்

இரண்டு மணி நேரம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டார்கள். இளம் அதிகாரி, நல்ல ஆங்கிலம். பக்கத்தில் மொழிபெயர்க்க அஹமட் என்ற பொலிஸ்காரர். முதல் பக்கத்தை அவர் உரக்க வாசித்தார். நிறுத்தினார். மீண்டும் வாசித்தார்.

"சேர், எழுத்து தமிழ். ஆனா இது தமிழ் இல்ல."

அந்த வசனத்தோடு என் நிலைமை மோசமாகிவிட்டது. இருந்தும் ஒன்றை மறைக்க மாட்டேன் – என் ஸ்பானியம் முதன்முதலாக இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. பிழையாகத்தான் வாசித்தார். 'எல் புவென்தே' என்பதை வல்லினமாக இழுத்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, அவ்வளவு அழுத்தாதீங்க" என்றேன். அவர் திருத்தி வாசித்தார். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பொருள் சொல்லச் சொன்னார். அஹமட் விரல் வைத்த வாக்கியம்: பாலம் எங்கே இருக்கிறது?

அடுத்தது: ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும்?

அதற்கடுத்தது: பாலத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள்?

பயணிகளுக்கான பாடம். உலகத்தில் எங்கே என்றாலும் மொழி படிப்பவர்கள் முதலில் இதைத்தான் படிப்பார்கள். பூனை மேசைக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதை யாரும் பிடித்திருக்க முடியாது. சொல்லவில்லை. இத்தனை கஷ்டப்பட்டுப் படித்ததை நானே பிழையாக மொழிபெயர்ப்பதா?

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். பிறகு சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி என் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம், கொப்பி மட்டும் வராது. என்ன எழுதியிருக்கிறது என்று அஹமட்டைக் கேட்டேன். சங்கேதமாக எழுதினேன், இனித் தெரியாத மொழியில் எழுதமாட்டேன் – சுருக்கமாக அவ்வளவுதான் என்றார்.

"எனக்கு அது தெரிஞ்ச மொழி" என்றேன். வைக்கவில்லை.

விசாரணை முடியும்வரை ஒவ்வொரு திங்களும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகவேண்டும்.

பெப்ரவரி 12

தங்கை சீதேவியும் அவள் புருஷன் வினாயகமூர்த்தியும் இன்று என்னை நடுவில் இருத்திக் கதைத்தார்கள். மூன்று பேரும் ஒரே வளவில் இருப்பதால் தப்ப இடமில்லை.

மச்சான் அமைதியானவர். "ஒரு கையெழுத்துத்தானே மச்சாள்" என்றார். ஆரையம்பதியில் இருந்து கொழும்புக்குக் கொண்டுபோன இரண்டு பேரின் கதையைச் சொன்னார். எனக்கும் தெரிந்த கதைதான்.

சீதேவி இந்தப் பன்னிரண்டு வருடத்தில் முகாம்களில் தான் கையெழுத்து வைத்த கடதாசிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அடுக்கினாள். "நாங்க எத்தினைக்கு வெச்சம். இதுக்கும் வெச்சா என்னக்கா குறைஞ்சிரும்?"

குறையும்.

பெப்ரவரி 16, திங்கள்

எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை வாங்கு. கையெழுத்து வைக்கிறீர்களா? இல்லை. போகலாம்.

பெப்ரவரி 23

அதே.

மார்ச் 2, திங்கள்

வாங்கில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கொப்பியின் முதல் பக்கத்தை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். வந்தது. இரண்டாம் பக்கம் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில்தான் முட்டியது.

வரும் வழியில் புதுக் கொப்பி வாங்கினேன். அவர்கள் வைத்திருக்கட்டும் அதை. நான் இன்னொன்று எழுதுகிறேன்.

மார்ச் 5

இருபத்திரண்டு பக்கம் ஞாபகத்திலிருந்து. மறந்த இடங்களில் கோடு போட்டு விட்டிருக்கிறேன். நினைத்ததைவிடக் கோடு குறைவு.

மார்ச் 9, திங்கள்

அதிகாரி இன்று அதட்டவில்லை. கொப்பியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்களாம். அது சங்கேதம் என்று அங்கிருந்து பதில் வந்தால் தன் கையில் ஒன்றும் இல்லை, என்னையும் அனுப்பவேண்டிவரும் என்றார். சிங்களக் கடதாசி இன்னும் மேசையில் இருந்தது. "இன்றைக்கு வைத்தால் நான் கொப்பியைத் திருப்பி எடுப்பித்துவிடலாம்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பேனையைக் கையில் எடுத்தேன். இதையும் இங்கே எழுதி வைக்கத்தான் வேண்டும் – எடுத்தேன்.

பிறகு கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 10

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றால் எழும்பி யன்னலால பாக்கிறன். சீதேவி என்னோட கதைக்கிறாளில்ல. சோத்தைப் போட்டு வெச்சிட்டுப் போறாள். நான் என்ன களவா எடுத்தன்? ஆரைக் காட்டிக் குடுத்தன்? படிச்சன். அவ்வளவுதான். ஆரும் கொழும்புல ஒருத்தன் தமிழ் எழுத்தைப் பாத்திட்டுத் தலையை ஆட்டினா என்ட கதை முடிஞ்சிது. அங்க ஆருக்கு விளங்கப் போகுது?

வைக்க மாட்டன். பயந்துகொண்டே வைக்க மாட்டன்.

மார்ச் 16, திங்கள்

பதில் வரவில்லை. உடுப்பு ஒரு சோடி, பற்பசை, துவாய் எடுத்துக்கொண்டு போனேன். திரும்பக் கொண்டுவந்தேன்.

மார்ச் 30, திங்கள்

இன்று சீதேவியும் கூட வந்து வாங்கில் இருந்தாள். பத்து மணிக்குப் போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

வந்துவிட்டது.

அதிகாரி கொப்பியையும் ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தையும் தந்தார். மூன்று வரி. இது சங்கேதமல்ல, ஸ்பானிய மொழிப் பயிற்சி, ஆட்சேபம் இல்லை. இனித் திங்கட்கிழமைகளில் வரவேண்டாம் என்றார். சிங்களக் கடதாசியை என் முன்னாலேயே கிழித்தார். நன்றி எதுவும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து திறந்தால் பக்கம் முழுவதும் பென்சில் கோடு. பாழாக்கிவிட்டார்கள் என்று ஆத்திரம் வந்தது. பிறகுதான் வாசித்தேன்.

திருத்தங்கள். தமிழ் எழுத்தில். சின்னச் சின்ன, வட்டமான எழுத்து. நான் பாதி கேட்ட வாக்கியங்களுக்கு மறுபாதி எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் பக்கத்திலிருந்து நூற்றெழுபதாம் பக்கம்வரை ஒன்றையும் விடவில்லை.

சங்கேதமா இல்லையா என்று பார்க்க இரண்டு பக்கம் போதும்.

ஏப்ரல் 7

யார்? ஆணா, பெண்ணா? எங்கே படித்தார்? பெயர் இல்லை, கையொப்பம் இல்லை, பதில் போட விலாசமும் இல்லை. இந்தத் தீவில் தமிழ் எழுத்தில் ஸ்பானியம் எழுத இன்னொரு ஆள் இருக்கிறார். அதை மட்டும்தான் திட்டமாகச் சொல்லலாம்.

அறுபத்துமூன்றாம் பக்கத்தில் அவர் திருத்தியது பிழை. நான் என் காதால் கேட்டேன். விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி. கியென் லே என்சென்யோ? உங்களுக்கு யார் படிப்பித்தது?

ஏப்ரல் 8, புதன்

காலைப் பாடத்துக்குப் பிறகு புதுக் கொப்பியை எடுத்து, அடுத்த வெற்றுப் பக்கத்தின் தலையில் திகதி, நேரம், அலைவரிசை எண் போட்டு, கீழே அந்தக் கேள்விக்கு ஸ்பானியத்தில், தமிழ் எழுத்தில் பதில் எழுதினேன். ஒன்பது வரி. அறுபத்துமூன்றாம் பக்கம் பற்றி இன்னும் மூன்று வரி. கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். கொப்பியைப் பெரிய பையில், சோற்றுப் பெட்டிக்கு மேலே வைத்தேன்.

பாலத்தடியில் வரிசை குறைவு. அதே பெண் சிப்பாய். என்னை அடையாளம் கண்டு, பையைத் தொடாமலே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

நான் நகரவில்லை. பின்னால் றம்லா என் முந்தானையை இழுத்தாள். "என்னகா செய்யிறீங்க, அதான் போகச் சொல்லுறாளே."

பையைத் திறந்தேன். கொப்பியை எடுத்து, எண்கள் தெரியும் அந்தப் பக்கத்தை விரித்து, அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.