அக்கா காருக்கு ஆயில் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

என்னை அதட்டுவதற்கென்றே எனக்கு நான்கு வருடம் முன்னால் பிறந்துவிட்ட பிரியமான அக்காவுக்கு,

உன் காருக்கு ஆயில் மாற்றிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை, இலஞ்சியில் என் வீட்டுக் கொட்டகையில், நானும் அத்தானும். முக்கால் மணி நேர வேலை என்று நீ சொல்லியிருந்தாய். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டரைக்கு முடித்தோம். என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. இதைப் புகாராக எழுதவில்லை. புகார் கொடுக்க வந்தவனையே நீ எப்படி விசாரிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

எழுத வந்தது வேறு. உன் ரகசியத்தை அத்தானிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லும்படி ஆயிற்று என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

முப்பத்திரண்டு வருடம் காவல்துறை ஜீப்பில் குலுங்கி, இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்ற ஒரு பெண், தை பிறந்ததும் மதுரைக்குப் போய்ப் புத்தம்புது சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தால் தென்காசி என்ன செய்யும்? நம் பெரியப்பா மகன் காரை இரண்டு முறை சுற்றிவந்துவிட்டு, "இவ்வளவு ரூவாய வாங்கிட்டு ரெண்டு கதவுதான் குடுத்தானா? ஏமாத்திப்புட்டாம்லா" என்றான். வீரகேரளம்புதூரில் ஒரு துக்கவீட்டுக்கு நீ அதில் போய் இறங்கியபோது, ஒப்பாரி வைத்தவர்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். இறந்தவருக்கு மரியாதை குறைந்ததாக யாரும் வருத்தப்படவில்லை.

பக்கத்து இருக்கையில் அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் தொடங்கும் "மெதுவாப் போ" ஊர் போய்ச் சேரும்வரை நிற்காது. நீ மெதுவாகத்தான் போனாய். மாட்டுவண்டி உங்களை முந்திப் போகாததற்கு, இப்போது மாட்டுவண்டி இல்லாததுதான் காரணம்.

உங்கள் தெருவில் அந்தத் தாழ்ந்த கார் நுழையாது என்பதால் அது என் கொட்டகையில் நின்றது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. விடிந்ததும் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறேன் என்று அத்தானிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்புவாய். நேராக என் வீட்டுக்கு வருவாய். ஸ்கூட்டரை நிறுத்தி, காரை எடுத்துக்கொண்டு, செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலை ஏறி ஆரியங்காவில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவாய். பிறகு என் மோட்டார்த் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு, அருவியில் குளித்தவளாக வீட்டுக்குப் போவாய். எத்தனையோ பேரின் பொய்ச் சாட்சியத்தைக் கிழித்தெறிந்தவள், ஈரத்தலையைத் தடயமாக்கிய அழகை நான் பல் தேய்த்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

"ஏலே, அத்தான்ட்ட மூச்சு விட்டேன்னு வை, ஒன்னயக் கொண்டுபோய் உள்ள வச்சிருவேன்" என்றாய். ஓய்வுபெற்றவளுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூச்சு விடவில்லை.

பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட நீ வரவில்லை. நீ பார்சலில் வரச் சொல்லியிருந்த ஆயில் ஃபில்டர், உன் பதினாறாம் நாள் காரியத்தன்று வந்து சேர்ந்தது. உன் பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கொண்டுவந்தவன், "மேடம் இல்லையா சார்?" என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

நான் வாரம் ஒருமுறை காரை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் உறுமவிட்டு, அணைத்துக்கொண்டிருந்தேன். ஆடியில் அத்தான் உன் அலமாரியைத் திறந்தபோது இரண்டு ஆயில் கேனும், உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. 'புது இன்ஜின். ஆயிரத்து ஐநூறில் முதல் ஆயில் மாற்றணும். நானே.' கம்பெனிக்காரன் பத்தாயிரம்வரை ஓட்டலாம் என்கிறான். நீ கம்பெனிக்காரனை நம்பவில்லை.

"அவ செய்யணும்னு எழுதி வச்சது. மதுரைக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம் மாப்ள, நம்மளே செய்வோம்" என்றார் அத்தான். அவர் வாழ்க்கையில் திருகிய ஒரே பொருள் ரேடியோக் குமிழ். எனக்கு அந்த அனுபவமும் கிடையாது. நான் காரோடு கொடுத்த புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். படித்தால் வந்துவிடும் என்ற மூடநம்பிக்கை என்னை இன்னும் விடவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் வைக்கும் சரிவுப் பலகையில் ஏற்றினால் உன் காரின் மூக்கு இடிக்கும். அதனால் விழுந்து கிடந்த தென்னைமரத்தை நெடுக இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி நீளச் சரிவாகப் போட்டு முன் சக்கரங்களை ஏற்றினேன். பின் சக்கரத்துக்கு அம்மிக் குழவியும் ஆட்டுரல் குழவியும் அணை. இன்ஜினின் அடிப்பக்கத்தை ஒரு தட்டு மூடியிருந்தது. பதினான்கு திருகாணிகளைக் கழற்றினோம். மாட்டும்போது பதிமூன்றுதான் இருந்தன. மன்னித்துவிடு.

இன்ஜினைச் சூடாக்க ஸ்டார்ட் செய்தபோதுதான் அத்தான் மீட்டரைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, ரெண்டாயிரத்து நூத்திப்பத்துன்னு காட்டுது?"

நான் அப்போதுதான் வெகு கவனமாகச் சாக்கை விரித்தேன்.

"மதுரையில இருந்து வந்தது நூத்தி அறுவது" என்று அவர் விரல்விட்டார். "திருநவேலிக்கு ரெண்டு மட்டம். சுரண்டைக் கல்யாணம். வீரகேரளம்புதூர் துக்கம். எப்படிப் போட்டாலும் அறுநூறு தாண்டலையே வே?"

"புது மீட்டர்லா அத்தான். கொஞ்சம் கூடத்தான் காட்டும்."

இவ்வளவு மட்டமான பொய்யை நான் பள்ளிக்கூடத்தில்கூடச் சொன்னதில்லை. அவர் "அப்படியா" என்றார். நான் காருக்கு அடியில் படுத்து, ஆயிலை வடிக்கும் போல்ட்டைக் கழற்றினேன். நீ ஓட்டித் தேய்த்த ஆயில் சூடாக, கறுப்பாக, முழங்கைவரை இறங்கியது. புது ஃபில்டரைப் போட்டேன், புது வாஷர் வைத்து போல்ட்டை இறுக்கினேன்.

ஊற்றும் வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். ஐந்தரை லிட்டர் என்று புத்தகம் சொல்கிறது. கேன் இரண்டிலுமாக ஏழு இருந்தது. நான் ஐந்தரையில் "போதும் அத்தான்" என்றேன். பந்தியில் இலைமேல் கையை விரித்துத் தடுத்தாலும் விரலிடுக்கில் சாம்பார் ஊற்றுகிற வம்சம் அவருடையது. "இம்புட்டுப் போல எதுக்கு மிச்சம் வைக்கணும்? குடிக்கட்டும்" என்று கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. அப்படியே ஓட்டினால் நுரைத்து இன்ஜின் கெடும் என்று புத்தகத்தைக் காட்டினேன். அத்தான் முகம் சுருங்கிவிட்டது. ஆக, மறுபடி படுத்தேன். போல்ட்டைக் கொஞ்சமாக இளக்கி, ஒன்றரை லிட்டரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டுக் காத்திருந்தேன்.

அத்தான் குனிந்து, தரையில் உட்கார்ந்து, காருக்கு அடியில் தலையை நீட்டினார்.

"மாப்ள, மீட்டர் பொய் சொல்லாதுல்லா?"

மேலே ஒரு டன்னுக்கு மேல் இரும்பு. ஓட இடம் இல்லை. களைப்பும் ஒரு காரணம் என்று வை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஸ்கூட்டரிலிருந்து மோட்டார்த் தண்ணீர்வரை.

"தனியாவா போவா?"

"தனியாத்தான். ஒருநா மட்டும் என்னயக் கூட்டிட்டுப் போனா."

"அங்கன போயி என்ன செய்வா?"

"ஒரு டீ குடிப்பா. திரும்பிருவா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அத்தான்."

ஆயில் சொட்டும் சட்டியை அத்தான் என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு அவர் சொன்னார், "அருவி காஞ்சு கெடந்தப்பமும் தல நனஞ்சுதான் வந்தா. அப்பமே கேட்ருக்கணும். ஈரத்தலையோட நிக்கவள என்ன கேக்கன்னு விட்டுட்டேன்." சட்டியைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டச் சொல்லிருந்தா நான் வேண்டாம்னா சொல்லிருப்பேன்?" என்றார்.

நான் போல்ட்டை இறுக்கினேன். இறுக்க வேண்டியதைவிட அதிக நேரம் இறுக்கினேன்.

"சொல்லிருப்பேன்" என்றார் அத்தானே.

வெளியே வந்ததும், நீ ஓட்டும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. புளியரைக்கு மேலே வளைவுகளில், சின்ன வயதில் கணக்குப் போடும்போது செய்வாயே, அப்படி நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாய். அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டில் ஆயில் இருந்ததை நான் சொல்லவில்லை.

இப்போது சாயங்காலமானால் பஸ் ஏறி இலஞ்சிக்கு வந்துவிடுகிறார். காரைத் தொடுவதில்லை. "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லும்" என்பார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு காலை. மூன்று நாளில் அது தீர்ந்துபோயிற்று. நாலாம் நாள் உன்னை இரண்டு டீ குடிக்கவைத்தேன். நேற்று மழை பெய்யவைத்தேன், நீ கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டியதாகச் சொன்னேன். அத்தான் மழையைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் கையையும் நீட்டிப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். உங்கள் இருவரையும் ஏமாற்றும் தெம்பு எனக்கு இல்லை அக்கா.

இனி மழை கிடையாது. இன்று சாயங்காலம் வந்ததும் நேற்றுச் சொன்னது பொய் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகும் அவர் கேட்டால், ஒரு டீ, ஒரு காலை, நடந்தது நடந்தபடி. எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன், அலுத்துக்கொள்ளாமல். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ரகசியம் காக்கத் தெரியாத,
உன் தம்பி