ஓடாத லேத்

ஜூன் 3, திங்கள்

மகளுக்கு இன்று கைகுலுக்கும் வகுப்பு. சிரிக்காமல் எழுத முயல்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்குத் தயார் செய்கிறேன் என்று என் தம்பி ஒரு பயிற்சி மையம் நடத்துகிறானே, அங்கேதான். காலை முழுக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் திமிராம். தளர்த்திப் பிடித்தால் பயமாம்.

சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துப் பழகிப் பார்த்தாள். சோப்பு நுரையோடு குலுக்கினேன். "கை ஓகேம்மா. ஆனா கண்ணைப் பாக்கணும்" என்றாள். பார்த்தேன். நான் பெற்ற கண்தானே, புதிதாக என்ன இருக்கிறது?

மையத்துக்குக் கட்டியதை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். கல்வி என்று எழுத மனம் வரவில்லை. 'இதர' என்று போட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

தம்பி வந்தான். இந்தப் புழுக்கத்தில் கோட்டு, டை. முதலில் இன்ஷூரன்ஸ் பிடித்தான். அப்புறம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றான். இப்போது மனிதர்களைச் சுத்திகரிக்கிறான்.

"அக்கா, இண்டஸ்ட்ரிக்கு வேண்டியது வேலை தெரிஞ்சவன் இல்ல. வேலை தெரிஞ்சவன் மாதிரி நிக்கத் தெரிஞ்சவன்."

"நீ என்னைக்காவது ஒரு ஃபேக்டரியில வேலை பாத்திருக்கியாடா?"

"நான் ஃபேக்டரிக்கு ஆள் அனுப்புறவன்க்கா. உள்ள போய் நிக்கிறவன் இல்ல."

என் வீட்டுக்காரர் ஆகா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போனபின், "உன் தம்பி பேச்சுக்கே யாரா இருந்தாலும் வேலை கொடுப்பாங்க" என்றார். கொடுப்பார்கள். பேச்சு வேலை.

பிறகு ஏன் மகளை அங்கே அனுப்புகிறேன்? பம்ப் தொழிற்சாலை இந்த மாதக் கடைசியில் பயிற்சி ஊழியர்களை எடுக்கிறது. அவன் மையத்திலிருந்து போகிறவர்களைத்தான் சோதனைக்கே கூப்பிடுவார்களாம். அது கிடைக்காவிட்டால் துணிக்கடை பில் கவுண்டர். இவர் தன் நண்பரிடம் சொல்லிவைத்துவிட்டார், ஒன்றாம் தேதியிலிருந்து வரட்டும் என்று. "ஏசிக்குள்ள உக்காந்து வேலை, என்ன குறைச்சல்?" என்கிறார். மகள் சாப்பிட்ட தட்டோடு எழுந்து போய்விடுகிறாள்.

ஜூன் 14, வெள்ளி

மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க மையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, வரவேற்பில் ஒரு பெண், சுவரெல்லாம் சிரிக்கும் முகங்கள். பின்னறையில் ஒரு லேத். புதுப் பச்சை பெயிண்ட். அதன் தலையில் ஒரு பூந்தொட்டி! இரும்பு கடையும் இயந்திரம் என்று மகளின் புத்தகத்தில் படித்திருக்கிறேன். (எட்டாவதோடு நின்றவள்தான். அவள் படித்த புத்தகமெல்லாம் அடுப்படியில் நானும் படித்தேன்.) வயரைக் காணோம். கேட்டேன். அந்தக் கட்டடத்தில் அதற்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்ட் இல்லையாம். "கையால சுத்திப் பாத்துப்போம்மா" என்றாள் மகள்.

"காலேஜ்ல?"

"அங்க பெல்ட் அறுந்து கிடந்துச்சு. பரீட்சைக்கு வெளிய கடைஞ்சு வாங்கிட்டு வந்த துண்டை வெச்சோம்."

மூன்று வருடம். பாஸ். முதல் வகுப்பு!

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது. இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் வட்டமான பாகத்துக்குச் சக் என்று பெயர். அதை இறுக்க ஒரு சாவி இருக்கிறது. பிள்ளைகள் அதை அடிக்கடி தொலைத்ததால், இறுக்கியதும் சாவியை அந்தத் துளையிலேயே விட்டுவிட வேண்டும் என்று தம்பி சட்டம் போட்டிருக்கிறான். பரவாயில்லை, இந்தக் கூட்டத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

ஒத்திகை நேர்முகம். 'உங்கள் பலவீனம் என்ன?' என்று கேட்டால், 'அளவுக்கு மீறி உழைப்பது' என்று சொல்ல வேண்டுமாம். எல்லோருக்கும் ஒரே பலவீனம். கடவுளே, உன்னிடமாவது இவர்கள் உண்மையைச் சொல்கிறார்களா, அல்லது அங்கேயும் கை குலுக்குகிறார்களா?

ஜூன் 24, திங்கள்

நாளை சோதனை. மையத்தில் மகளுக்குக் கொடுத்த கோட்டை இஸ்திரி போட்டேன். திட்டிக்கொண்டேதான் போட்டேன். பிரார்த்தனையில் இந்த வேலையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

ஒருவரையும் எடுக்கவில்லை.

வந்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தட்டித் தட்டி வெளியே வரவைத்து, பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்களாம். போர்மேன் ஒரு துண்டைக் கொடுத்து, மாட்டி ஓட்டு என்றாராம். இவள் மாட்டினாள். இறுக்கினாள். சாவியைத் துளையிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள். நல்லவேளை, அந்த மனிதர் மெயினை அணைத்துவைத்துவிட்டுத்தான் சோதித்திருக்கிறார். ஓடியிருந்தால் சாவி கல்லெறிந்தது போலப் பறந்துவந்து மண்டையைப் பிளந்திருக்குமாம்.

"எட்டாவது ஆளும்மா நீ. எட்டு பேரும் அதையே செய்றீங்க. யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்றாராம்.

அந்தச் சாவி. நான் மெச்சிய ஒரே விஷயம். என் பிள்ளையின் நெற்றி, அந்த உயரத்தில்தானே இருந்திருக்கும்?

இது போதாதென்று, இன்னொன்று. "இதுக்கு முன்ன லேத் ஓட்டியிருக்கியா?" என்று கேட்டதற்கு, "மூணு மாசமா ஓட்டுறேன் சார்" என்றிருக்கிறாள். அவர் கண்ணைப் பார்த்து!

"ஏன்டி பொய் சொன்னே?"

"தன்னம்பிக்கையா பேசணும்னு மாமா சொன்னாரும்மா."

நன்றாக வளர்த்திருக்கிறேன். அவனை மட்டும் சொல்லி என்ன? சமைத்ததை யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் 26, புதன்

மையத்துக்குப் போய்க் கத்தினேன். எழுத்தில் போட முடியாத வார்த்தைகள் சில. வாசலில் புது பேனர். 'பம்ப் தொழிற்சாலையில் பணிபுரியும் எங்கள் நட்சத்திரங்கள்.' நடுவில் என் மகள், கோட்டோடு. சோதனைக்கு முன்பே அடித்துவிட்டானாம்.

"கழட்டுடா."

"அக்கா, ஒரு வாரம் இருக்கட்டும். அட்மிஷன் டைம்."

"அந்தச் சாவி பறந்திருந்தா இதே போட்டோவுக்கு மாலை போட்டிருப்பேன்டா!"

"நம்ம மெஷினுக்குத்தான் கரண்ட் இல்லையேக்கா. பறக்காதே" என்றான். நிஜமாகவே புரியவில்லை அவனுக்கு. அயோக்கியன் என்று நினைத்துத்தான் போனேன். அயோக்கியனுக்குக்கூட கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே! நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி நானே கழற்றினேன். வரவேற்பில் இருந்த பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் மகளைக் காணோம். கோட்டு ஆணியில் தொங்குகிறது. துணிக்கடைக்கு இரண்டு சுடிதார் எடுத்துக்கொடு என்று இவர் சொல்லிவிட்டு ஆபீஸ் போனார்.

இருட்டிய பிறகுதான் வந்தாள். தொழிற்சாலை வாசலில் நின்றிருக்கிறாள். உள்ளே விடவில்லை. மதியம் போர்மேன் டீ குடிக்க வெளியே வந்தபோது போய்ச் சொல்லியிருக்கிறாள்: "சார், நான் சொன்னது பொய். எனக்கு வேலை வேணாம். அந்த மெஷினை ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டுங்க. லேத் ஓடி நான் பாத்ததே இல்ல."

டிப்ளமோவா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம். நல்ல சிரிப்பாக இருந்திருக்காது. ஆனாலும் கூட்டிப் போயிருக்கிறார். ஷிப்ட் முடியும்வரை நின்று பார்த்திருக்கிறாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"சத்தமா இருந்துச்சும்மா. பக்கத்துல போக பயமா இருந்துச்சு." செருப்பைக் கழற்றிவிட்டு, "சுருள் சுருளா வருதும்மா இரும்பு. நீலமா" என்றாள்.

திங்கட்கிழமை வா, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றாராம். கூட்டிப் பெருக்க! வீட்டில் தன் தட்டை எடுத்துப் போடுவதோடு சரி, இவள் துடைப்பத்தைத் தொட்டதில்லை.

ஜூலை 1, திங்கள்

இவர், "ஊர்ல கேட்டா என்ன சொல்றது, பொண்ணு குப்பை அள்ளுதுன்னா?" என்றார்.

"உங்க மச்சான்கிட்ட கேளுங்க. நல்ல இங்கிலீஷ்ல ஒரு பேர் வெச்சுக் கொடுப்பான்" என்றேன்.

வேலைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

சட்டையில் எண்ணெய்க் கறை. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தம்பி வந்தான். அன்று பேனரைக் கழற்றியதிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டாதவன். கோட்டு இல்லை. மகள் ஷிப்ட் முடிந்து வந்து, வேலை உடுப்போடே கூடத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போன வாரத்திலிருந்து போர்மேன் பக்கத்தில் நிற்க, அவளே ஓட்டுகிறாள்.

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. டீ கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு, "மூணு பேஸ் கனெக்ஷன் வாங்கிட்டேன்க்கா" என்றான்.

"சரி."

"மெஷினுக்கு வயர் இழுத்தாச்சு. நாலு நாள் ஆச்சு." குரலை இறக்கினான். "சுவிட்ச் போடல. யாரையும் கிட்ட விடல. ரூமைப் பூட்டி வெச்சிருக்கேன்."

"ஏன்டா?"

"போட்டா முதல்ல என்ன செய்யணும்க்கா?"

வாயில் நல்ல நல்ல பதிலாக வந்தது. விழுங்கினேன்.

"எனக்கென்ன தெரியும்? அவதான் சொல்லணும். தூங்கறா. எழுப்ப மாட்டேன்."

"எழுப்பாதக்கா" என்றான். ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்காரத் தெரியாதவன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, அவள் கண் விழிக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.