ஆடாத பாலமும் ஆடிய அத்தையும்

மார்ச் 4, செவ்வாய்

ஆறாம் எண் சென்சார் மறுபடியும் உளறுகிறது. காலை 6.22-க்கு ஆரம்பித்து 6.41 வரை, பாலத்தின் நட்டநடுவில் இடம்-வலம், இடம்-வலம் என்று ஓர் ஆட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். சனி, ஞாயிறு கப்சிப். பேயாக இருந்தால் ஆபீஸ் போகிற பேய்.

எங்கள் குழுவில் கம்பி இழுப்பதிலிருந்து சென்சார் ஒட்டுவது வரை எல்லாம் வயரிங் அக்காதான். "உள்ள ஈரம் இறங்கியிருக்கும், கழட்டிட்டு வேற போட்டுடலாம்" என்றார். மதியமே போட்டாயிற்று.

மார்ச் 5, புதன்

புதுசும் அதையேதான் சொல்கிறது. 6.22. பாவம், பழையதைப் புளுகுணி என்று திட்டித் தீர்த்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மனசே சரியில்லை.

கல்தூண் கூட்டம் போட்டார். எங்கள் பிரிவுத் தலைவர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "இன்னும் ரெண்டு தூண் போடு" என்பதுதான் அவர் வைத்தியம். பெயர் வைத்தது நான். ஆபீஸ் முழுவதும் பரவியதற்கு நான் பொறுப்பல்ல.

நடைபாலத்தின் அடிவயிற்றில் இருக்கும் நான்கு பெட்டிகளையும் கழற்றப் போகிறாராம். என் பெட்டிகள்! ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இரும்பு எடை, அதைத் தள்ள ஒரு மோட்டார். ஜனங்கள் நடக்கும்போது பாலம் பக்கவாட்டில் அசைந்தால் சென்சார்கள் கண்டுபிடித்துச் சொல்லும். பெட்டிகள் எடையை எதிர்ப்பக்கமாகத் தள்ளி ஆட்டத்தை அடக்கிவிடும். மேலே நடப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

அதுதான் வினையாகிவிட்டது.

"மூணு வருஷத்துல இந்தப் பாலம் ஒரு நாளாவது ஆடிச்சா?" என்று கேட்டார்.

"ஆடலை சார். பெட்டி இருக்கறதால—"

"ஆடலை. அவ்வளவுதான். ஆடாத பாலத்துக்கு எதுக்கும்மா ஆட்டத்தை நிறுத்துற மெஷின்?"

வேலையை ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனை! 21-ஆம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. நடந்து பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் பெட்டிகள் குடோனுக்கு. நானும் கூடவே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

கணக்குப் போட்டு, கணினியில் ஓட்டிப் பார்த்து, ஆற்று வெயிலில் தொங்கிக்கொண்டு பொருத்தி... ஐயோ, ஒரு மனுஷனுக்குப் புரிய வைக்க முடியலையே என்னால!

மார்ச் 10, திங்கள்

பேயைப் பிடித்துவிட்டேன்.

பாலம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆறே காலுக்குப் போய்ப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மறைந்து நின்றேன். ஐந்து பெண்மணிகள் வந்தார்கள். யாருக்கும் அறுபதுக்குக் குறையாது. கைப்பையிலிருந்து ஒரு குட்டி ஸ்பீக்கர் வெளியே வந்தது. துள்ளல் பாட்டு ஒன்று. இடப்பக்கம் ரெண்டு அடி, வலப்பக்கம் ரெண்டு அடி, ஒரு சுற்று. கூட்டத்துக்கு நடுவில், போன வாரம் நான் வீடு முழுக்கத் தேடிய என் நீல ஷூவைப் போட்டுக்கொண்டு—

என் மாமியார்!

"டாக்டர் சொன்னபடி மெதுவா நடந்துட்டு வரேன்" என்று தினமும் பிள்ளையிடம் சாதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிற அதே அத்தை.

"அத்தை! முட்டி ஆபரேஷன் முடிஞ்சு ஏழு மாசம்கூட ஆகலை. என்ன அத்தை இது!"

அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. "வந்துட்டியா? அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. இங்க ஆடினா முட்டிக்குச் சுகமா இருக்கு. தரை அப்படியே தாங்குது."

எப்படித் தாங்காமல் இருக்கும்? கீழே நான்கு பெட்டிகள் இவர்களுக்காக மாடாய் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

மார்ச் 11, செவ்வாய்

சொல்வதா, வேண்டாமா? என் கணவரிடம் சொன்னால் நாளையிலிருந்து அத்தைக்கு வீட்டுச் சிறை. சொல்லாமல் இருந்து முட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அத்தையிடமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "ஒண்ணு டாக்டர்கிட்ட கேக்கணும், இல்லேன்னா நான் உங்க பிள்ளைகிட்ட சொல்லுவேன்."

"போட்டுக் குடுக்கற மருமக" என்றார். ஆனால் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார். "நல்லா தேறியிருக்கு. நடைதான் காரணமா?" அத்தை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அத்தை எழுந்து நின்று ஆடியே காட்டிவிட்டார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "குதிக்காதீங்க, மத்தபடி ஆடுங்க" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

வரும் வழியில் அத்தை முதல்முறையாக என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஆறு வருஷத்தில் முதல்முறை. கல்தூண் கதையைச் சொன்னேன்.

"ஆடினாத்தானே தெரியும்? பெட்டியை நிறுத்திட்டு ஆட்டிக் காட்டேன்."

"விளையாட்டா அத்தை? மேல ஆள் இருக்கும்போது யாராவது நிறுத்துவாங்களா?"

நிறுத்துவார்கள்! வருஷத்துக்கு ஒருமுறை பொதுமக்களை விடாமல் பெட்டிகளை அணைத்துச் சோதிக்க வேண்டும் என்று பராமரிப்புக் கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன். இந்த வருஷச் சோதனை இந்த மாதம்தான்.

மார்ச் 16, ஞாயிறு

பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இந்த ஐந்து பேர் ஆடும்போது பெட்டிகள் முக்கால்வாசி பலத்தைச் செலவழிக்கின்றன. மாலை நேரக் கூட்டத்துக்குக்கூட அவ்வளவு ஆகாது. பாலத்துக்கு என்று ஒரு சொந்தத் தாளம் உண்டு. அத்தையின் பாட்டு அச்சு அசலாக அதே தாளம். எப்படித்தான் தேடிப் பிடித்தார்களோ!

இது ஏமாற்று வேலையா? பத்து தடவை கேட்டுக்கொண்டேன். சோதனை உண்மை. அனுமதி வாங்கப் போகிறேன். ஆட்டம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் பெட்டிகள் தாமாகவே விழித்துக்கொள்ளும். யாருக்கும் ஒரு கீறல் விழாது. குழு வருகிற அதே நாளில் வைத்துக்கொள்வது மட்டும்தான் என் குறும்பு.

அவ்வளவு குறும்புக்குக்கூட உரிமை இல்லையா எனக்கு?

மார்ச் 18, செவ்வாய்

சோதனைத் திட்டத்தை நீட்டினேன். "பாலத்தின் மேல் தன்னார்வலர்கள் ஐந்து பேர், மிதமான உடற்பயிற்சி." கல்தூண் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "நல்லது. பெட்டி இல்லாமலே பாலம் நிக்கறதைக் குழு கண்ணால பாக்கட்டும்."

பார்க்கட்டும் சார், பார்க்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

சோதனைத் திட்டத்தை நாலாவது தடவையாகச் சரிபார்த்தேன். அத்தை மட்டும் ஜாலியாக என் ஷூவைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 21, வெள்ளி

எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது?

பத்து மணிக்குக் குழு வந்தது. ஏழு பேர். தலைவி ஒரு தடித்த கண்ணாடி அம்மாள், அதிகம் பேசவில்லை. பாலத்தின் இரண்டு முனைகளிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்தியிருந்தோம். பத்தே காலுக்கு வயரிங் அக்கா பெட்டிகளை அணைத்தார். இருபது நிமிஷச் சோதனை. நான் கையில் திரையோடு நின்றேன்.

அத்தையின் படை நடுவில் போய் நின்றது. ஸ்பீக்கரைத் தட்டினார்கள். ஒரு கீச். அவ்வளவுதான். சார்ஜ் இல்லை! "நீ போடலையா?" "நீ போடுவேன்னு நினைச்சேன்!"

பாட்டில்லாமலே ஆடினார்கள். ஒருத்தி இடப்பக்கம் போனால் இன்னொருத்தி வலப்பக்கம். மூன்றாமவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாலம் மூன்று மில்லிமீட்டர் அசைந்தது. கொசு உட்கார்ந்தால்கூட அதற்கு மேல் அசையும்.

கல்தூணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா மேடம்? மலை மாதிரி நிக்குது. வாங்க, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தே காட்டறேன்."

முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. எங்கயாவது ஓடிப் போயிடலாம்னு இருந்துது எனக்கு.

கல்தூண் முன்னால் நடந்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பின்னால் குழு. அவர்களுக்குப் பின்னால் முகம் தொங்கிப்போன ஐந்து பேர், நான், வயரிங் அக்கா. அப்போது அத்தை மெல்ல முனக ஆரம்பித்தார். அதே பாட்டு. முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. பக்கத்துப் பெண்மணி சேர்ந்துகொண்டார். எனக்கும் என்னையறியாமல் கால் அதில் விழுந்தது.

முன்னால் பார்த்தேன். குழுவின் கால்களும் விழுந்திருந்தன. கல்தூணின் கால்களும்!

திரையில் நான்கு மில்லிமீட்டர். ஏழு. பன்னிரண்டு. பாலம் லேசாக அசைந்ததும் எல்லோரும் கால்களை அகட்டி அதனோடு சாய்ந்து நடந்தார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. அகட்டி நடக்க நடக்கப் பாலத்துக்கு இன்னும் கொண்டாட்டம். பத்தொன்பது. இருபத்தைந்து. பாலம் படகு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

"என்னங்க இது, தரை நகருது!" என்றார் கண்ணாடி அம்மாள்.

கல்தூண் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தார். இன்னொரு கை எதையோ தேடி, கடைசியில் என் அத்தையின் தோளைப் பிடித்தது. அத்தை பாட்டை நிறுத்தவே இல்லை.

முப்பது.

காலுக்கு அடியில் ஊம் என்று ஒரு சத்தம். நான்கு பெட்டிகளும் விழித்துவிட்டன. என் காதுக்கு அதைவிட இனிமையான சத்தம் இந்த உலகத்தில் கிடையாது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு எண்ணுவதற்குள் பாலம் அடங்கி, தரை தரையாக ஆகிவிட்டது.

அப்புறம் கண்ணாடி அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "இதைக் கழட்டணும்னு எழுதினது யாரு?"

கல்தூண் அத்தையின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். "வேணும்னேதானே பாடினீங்க?"

"துக்கத்துல பாடினேன்டி" என்றார். சத்தியமாக அந்த முகத்தில் துக்கம் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பெருமை தாங்காமல் அத்தையே சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் உடைத்துவிட்டார். இவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"டாக்டரே சரின்னு சொல்லியிருக்கார். அதை ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆபரேஷன் நடந்த அன்று முழுக்க நாற்காலியில்கூட உட்காராமல் நின்றவர் அவர்.

"சொன்னா விட்டிருப்பியாடா?" என்றார் அத்தை.

இவர் எழுந்து கை கழுவப் போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். குழாயை இன்னும் வேகமாகத் திறந்தார்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் அத்தையோடு இவரும் கிளம்பினார், கண்காணிக்க. கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக நின்றாராம். இரண்டாவது பாட்டில் கால் கட்டைவிரல் தாளம் போட்டதாக அத்தை சொல்கிறார். இவர் மறுக்கிறார். ஆறாம் எண் சென்சாரைக் கேட்டேன். ஆறு பேர் என்கிறது.

ஏப்ரல் 9, புதன்

குழுவின் அறிக்கை வந்துவிட்டது. பெட்டிகள் அங்கேயே இருக்கும்! ஆற்றின் மேல்பக்கம் வரப்போகிற இரண்டாவது பாலத்துக்கும் இதே ஏற்பாடு வேண்டுமாம். வயரிங் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 28, திங்கள்

கல்தூண் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். "ஆட்டத்தின் அபாயத்தை நிரூபிக்கும் பொருட்டு, ஆய்வுக் குழுவினரைத் திட்டமிட்டு ஒரே தாளத்தில் நடத்திச் சென்றேன்." திட்டமிட்டு! பிழை திருத்தச் சொல்லி என்னிடமே அனுப்பியிருக்கிறார்.

கொதித்துக்கொண்டு போய் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் கோபம் போய்விட்டது. ஒற்றுப்பிழை பதினேழு இருந்தது. பதினேழையும் திருத்தி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

இரண்டாவது பாலத்தின் வரைபடம் கல்தூணிடமிருந்து திரும்பி வந்தது. சுற்றிலும் சிவப்பு மை. எடுத்ததும் பெட்டிகள் இருக்கும் இடத்தைத்தான் பார்த்தேன், அடித்திருப்பார் என்று. ஆறு வரைந்திருந்தேன். ஆறும் அப்படியே இருந்தன. ஓரத்தில் பொடி எழுத்தில்: "எட்டு வேண்டாமா?"

கதவைச் சாத்திக்கொண்டு ஏழாவதையும் எட்டாவதையும் வரைந்தேன்.