முயலுக்கென்று வாங்கிய கீரை

செப்டம்பர் 14, சனி

அக்கா, இந்த அகாலத்தில் நோட்டைத் திறந்ததற்கு மன்னித்துக்கொள். ஏர்போர்ட்டில் இதைக் கையில் திணித்து, "உனக்கே எழுதிக்கோ, யாருக்கும் காட்ட வேணாம்" என்றாய். எனக்கு நானே என்ன எழுதுவது? உன்னிடம் பேசுவதுபோல் எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை, அதுவும் ஒரு தைரியம். இவருக்கு நைட் ஷிப்ட். குட்டி இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

காலையில் சந்தை. முள்ளங்கி கேட்டேன். கடைக்காரம்மா இந்த நாட்டுக்காரர், அறுபது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், உரத்த குரல்; அவர் பேச்சை நம் பேச்சில் எழுதுகிறேன். அதன் தலையில் தளதளவென்றிருந்த கீரையை ஒரே திருகில் திருகிக் குப்பைக்கூடையில் வீசினார். எனக்கு வயிறு எரிந்தது. "ஐயோ, அந்தக் கீரை எனக்கு வேணும்!"

"எத்தனை முயல் வளக்கிறே?"

பின்னால் வரிசையில் ஆறு பேர். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ரெண்டு."

ரெண்டாம்! எனக்கென்ன பைத்தியமா?

செப்டம்பர் 15

கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடைந்து, பூண்டு தட்டித் தாளித்தேன். இரண்டு வாரமாக எதைக் கொடுத்தாலும் துப்பிக்கொண்டிருந்த குட்டி, ஒரு கிண்ணம் சாப்பிட்டாள்.

முயல் கதையைக் கேட்டு இவர், "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதும்பாங்க. உனக்குப் பொய் சொல்லித்தானே கிடைச்சிருக்கு!" என்றார்.

செப்டம்பர் 28

சந்தையில் கடைக்காரம்மா எனக்கென்று தனியாக ஒரு பை கட்டி வைத்திருந்தார். பீட்ரூட் கீரை, நூல்கோல் கீரை.

"வாம்மா. முயலுங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"பேரு வச்சிருக்கியா?"

"ஒண்ணு குட்டி." இன்னொன்றுக்குப் பெயர் வாயில் வரவே இல்லை. "இன்னொண்ணு... பெரிசு."

"நல்ல பேருதான் போ!"

அக்டோபர் 3

திங்களிலிருந்து இன்றுவரை குட்டியைத் தவிர யாரிடமும் பேசவில்லை. இவரிடம் பேசியதுகூட, "டப்பா எடுத்துக்கிட்டீங்களா?" அவ்வளவுதான்.

இவளுக்கு ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. வீட்டில் யார் பேசி யாரைக் கேட்டு வரும்?

அக்டோபர் 9

இன்று நீ போன் செய்தாய். "பேச்சுத்துணைக்கு யாராவது இருக்காங்களாடி?"

"நாலு பேர் இருக்காங்கக்கா. சாயங்காலம் ஆனா வீடே கலகலன்னு ஆயிடும்."

வாய் கூசவில்லை. போனை வைத்த பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், குட்டிக்குக் கேட்கக் கூடாதென்று. நாலு பேராம். நாலு முயல் என்று சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 9

பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. சந்தையில் பாதிக் கடைகள் இல்லை. கடைக்காரம்மா ஒரு பிடி முள்ளங்கிக் கீரை கொடுத்துவிட்டு, "கீரை இன்னையோட சரி" என்றார். பிறகு வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். காய்ந்த புல்!

"பனி விழுந்தா முயலுங்க எதைத் தின்னும்? கொண்டுபோய்ப் போடு."

குட்டியின் தள்ளுவண்டிக்கடியில் திணித்துக் கொண்டு வந்தேன். வழியெல்லாம் புல் உதிர்ந்தது. அடுக்களை மூலையில் மூட்டையைப் பார்த்த இவர், "இனி மாடு ஒண்ணுதான் பாக்கி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு கடைக்குப் போய்விடலாம். ஆனால் என்னைக் கண்டதும் "வாம்மா" என்று நிமிர்கிற முகம் இந்த ஊரில் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதுவும் போச்சு. சொல்லாவிட்டால்— நாளைக்கே முயலைப் பார்க்க வர்றேன் என்றால்? கடவுளே, ஒரு கட்டுக் கீரைக்காக.

நவம்பர் 16

ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த அந்தக் கடைசிக் கீரையில், பழுத்ததைக் கிள்ளியெறிந்துவிட்டுக் கூட்டு வைத்தேன். சூட்டோடு டப்பாவில் எடுத்துப் போனேன்.

"என்ன இது?"

"உங்க கீரைதாங்க. முயலே கிடையாது. நாங்கதான் சாப்பிடுறோம். அன்னைக்கு வெக்கமா இருந்துச்சு, அதான்..."

அவர் கையுறையைக் கழற்றினார். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். மென்றார். தள்ளுவண்டியில் முள்ளங்கித் துண்டைக் கொறித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"இது குட்டி."

"ஆமாங்க."

"அப்ப நீதான் பெரிசு."

தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார்.

"நாப்பது வருஷமா இதைக் குப்பைக்கும் முயலுக்கும்தான் போட்டிருக்கேன்." யாரையோ திட்டுவதுபோல் சொன்னார். டப்பாவைத் திருப்பித் தரவில்லை. காகிதப்பையின் மேல் முகவரியைக் கிறுக்கி நீட்டினார். "நாளைக்கு அந்தப் புல்லைத் திருப்பிக் கொண்டா. என் வீட்ல நெஜமாவே மூணு முயல் இருக்கு. அதுங்க பங்கைத்தான் உனக்குத் தூக்கிக் கொடுத்தேன்."

நவம்பர் 17

போனோம். மூன்று மணி நேரம் இருந்தோம். முயல் கூண்டை விட்டுக் குட்டி நகரவே இல்லை.

அக்கா, நாலு பேர் என்று உன்னிடம் சொன்னது பொய். ஒருத்தர்கூட இருந்ததில்லை. இப்போது ஒருத்தர் இருக்கிறார். இந்தப் பக்கங்களைக் கிழித்து நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள். கிளம்பும்போது ஒரு பை டர்னிப் கொடுத்தார். முள்ளங்கி மாதிரி சாம்பாரில் போடலாமா, கசக்குமா? அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர் இங்கே சாப்பிட வருகிறார். போனிலாவது சொல்லு. சீக்கிரம் பதில் போடு.