மல்லாட்டைத் துறவி

பிப்ரவரி 3

இன்று இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு, அறுநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தை ஆரம்பித்தேன். மாவில் கைவைக்கும் மில்காரன், ஊரை ஏய்க்கும் சாமியார், அவனையும் ஏய்க்கும் மாணவன். அந்தக் காலத்துச் சிரிப்புக் கதை, நீதிக் கதை எல்லாவற்றிலும் இவர்கள்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

“மிஸ், இவங்கள்லாம் எங்க தெருவுலயே இருக்காங்க” என்றாள் கலைப்பிரியா. வகுப்பு சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரித்தது.

அந்தப் பக்கம் துறைத்தலைவர் புகழேந்தி சாரின் வகுப்பு. புதுக் கட்டடம் முடியும்வரை எங்கள் ஆங்கிலத் துறைக்கு ஒரே நீள ஹால். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ப்ளைவுட் தட்டி. என் வகுப்பு தொடங்கியதும் சார் தன் பிள்ளைகளுக்கு ‘சைலன்ட் ரீடிங்’ கொடுத்துவிடுவார். அவர்கள் நான் சொல்வதை நோட்ஸ் எடுக்கிறார்கள். சாரும் எடுக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பிப்ரவரி 6

சந்தேகம் தீர்ந்தது. எடுக்கிறார்.

விழுப்புரத்தில் நடக்கப்போகும் கருத்தரங்குக்கு நான் ஒரு தலைப்பு கொடுத்திருந்தேன். மத்தியகால ஆங்கிலக் கதைகளில் தந்திரம், பேராசை, பழி. இன்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். தலைப்பு என்னுடையது. பெயர் சாருடையது.

போய்க் கேட்டேன். “டிபார்ட்மென்ட் சார்பா ஒருத்தர்தான் மிஸ் பேச முடியும். நீங்க கெஸ்ட் லெக்சரர். அங்க யாராவது எழுந்து கேள்வி கேட்டா என்ன பண்ணுவீங்க?”

பதில் சொல்வேன். வேறென்ன பண்ணுவார்கள்? ஆனால் அதை அங்கே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் என் நியமனம் புதுப்பிக்கப்பட அவர் கையெழுத்து வேண்டும். அதனால் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரிங்க சாராம். என்ன சரி? எது சரி?

பிப்ரவரி 7

என் வீட்டுக்காரர் தேவா ஸ்டேஷனில் டியூட்டி முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார். ரயில்வேக்காரர், எதற்கும் பதறமாட்டார்.

“அந்தாளு ஒட்டுக் கேட்டுக்கினு இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? அப்ப ஒட்டுக் கேக்கற மாதிரி எதையாவது சொல்லேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 10

திண்டிவனம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா மடியில் கூடை நிறைய அவித்த மல்லாட்டை. (வேர்க்கடலை என்று எழுதினால் எனக்கு அந்த வாசனை வராது.) ஆவி பறந்தது. அந்த வாசனையிலேயே கதை வந்துவிட்டது.

ஒரு துறவி. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மடத்துக்காக ஊர் ஊராகப் போய் வாங்குபவர். அவர் அங்கிக்குக் கை ரொம்ப அகலம். (எங்கள் கோயில் ஃபாதரின் அங்கியைச் சின்ன வயதில் அப்படி வாய்பிளந்து பார்த்திருக்கிறேன்.) “நல்லா காய்ஞ்சிருக்கா பாக்கறேன்” என்று மல்லாட்டை மூட்டைக்குள் முழங்கை வரை விடுவார். வெளியே எடுக்கும்போது அங்கியின் கை நிறைந்திருக்கும். மடத்துப் பங்கு தனி.

ஒரு விதவை இதைப் பார்த்துவிடுகிறாள். கத்தவில்லை. மண்டியிட்டு, “சாமி, எங்க ஊரை ஆசீர்வாதம் பண்ணுங்க” என்கிறாள். அவளைப் பார்த்து ஊரே மண்டியிடுகிறது. ஆசீர்வதிக்க வேண்டுமானால் இரண்டு கையையும் உயர்த்தியாக வேண்டும். உயர்த்துகிறார். மல்லாட்டை அங்கிக்குள்ளேயே உருண்டு இறங்கிக் காலடியில் சடசடவென்று கொட்டுகிறது. “அற்புதம்! அற்புதம்!” என்று விதவைதான் முதலில் கூவுகிறாள்.

அற்புதம் இல்லை என்றால் திருட்டு. அவர் எதை ஒப்புக்கொள்வார்? மறுநாளிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்களும் சாக்கோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். துறவி மடத்துக் களஞ்சியத்திலிருந்து திருடி அங்கியை நிரப்பி நிரப்பி ஆசீர்வதிக்கிறார். களஞ்சியம் காலியாகிறது. இந்த ஆளைப் புனிதர் என்பதா, திருடன் என்பதா என்று தெரியாமல் மடத்துத் தலைவர் வழுக்கைத் தலையைச் சொறிகிறார்.

நானே தனியாகச் சிரித்தேன். கூடைக்கார அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மதியம் தாவரவியல் சமீராவிடம் சொன்னேன். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் வருகிறவள், என் ஒரே கூட்டாளி. அவள் கதையை விட்டுவிட்டு மல்லாட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, மல்லாட்டை தென் அமெரிக்கச் செடி. உங்க சாமியார் செத்து நூறு வருஷம் கழிச்சுதான் ஐரோப்பாக்காரன் அதைக் கண்ணாலயே பாக்கறான். அந்தக் காலத்து இங்கிலாந்துல அது ஏது?”

“தெரியும்டி. அதனாலதான் மல்லாட்டை.”

அவளுக்குப் பொறி புரிந்துவிட்டது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

பிப்ரவரி 12

சொல்லிவிட்டேன். தட்டியைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி, நிதானமாக, கொஞ்சம் சத்தமாகவே. ‘யாரும் அதிகம் பேசாத பழைய தொகுப்பு ஒன்றில்’ என்று ஆரம்பித்தேன். துறவி கையை உயர்த்தும் இடத்தில் அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தட்டியை ஒட்டி நகர்ந்தது.

வகுப்பு முடிந்ததும் என் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். இது நான் கட்டிய கதை, பரீட்சையில் எழுதினால் சைபர். சாரோடு இருக்கும் கணக்கு வேறு, இவர்களை ஏமாற்ற என்னால் முடியாது.

“மிஸ்… நீங்களா?” என்றாள் கலைப்பிரியா. அந்த ‘நீங்களா’வில் இருந்தது மரியாதையா, பயமா?

பிப்ரவரி 27

அமாவாசை. பாதி பஸ்ஸை மேல்மலையனூருக்குத் திருப்பிவிட்டார்கள். நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன். கால் வலி.

மார்ச் 5

கருத்தரங்கு. சமீராவும் நானும் கடைசி வரிசை. அவளுக்கு நோன்பு, எனக்குப் பதற்றம். இரண்டு பேரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சார் சொன்னார். முழுக் கதையும். நான் நிறுத்திய இடத்திலெல்லாம் நிறுத்தினார். இனி யாராவது எழுந்து, “சார், அந்தக் காலத்தில் ஏது மல்லாட்டை?” என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

ஒருவர்கூடக் கேட்கவில்லை. கைதட்டினார்கள். தலைமை வகித்த புதுச்சேரிப் பேராசிரியர், ஓய்வு பெற்ற பெரியவர், மைக்கைப் பிடித்து, “இந்தக் கதையை நான் மாணவனா இருந்தப்பவே படிச்சிருக்கேன். எவ்வளவு வருஷம் ஆச்சு திரும்பக் கேட்டு!” என்றார்.

நான் போன மாதம் பஸ்ஸில் கட்டிய கதை!

டீ இடைவேளைக்கு அவித்த மல்லாட்டை கொடுத்தார்கள். அத்தனை பேரும் அதை உரித்துத் தின்றுகொண்டே துறவியைப் புகழ்ந்தார்கள். சமீரா துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

மார்ச் 6

நேற்று வரும்போது சிரித்தேன். இன்று காலை பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. ஏன்? அவ்வளவு பேர் ரசித்தார்கள் இல்லையா, அது என் கதைதானே? அதனால்தான். அவர் விழவேண்டும் என்று கட்டிய கதை அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டது. அதைக் கட்டியவள் கடைசி வரிசையில்.

எனக்கு அவர் விழவேண்டுமா, என் பெயர் வரவேண்டுமா? இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

அந்தப் புதுச்சேரிப் பேராசிரியர் புகழேந்தி சாரைத் திரும்பப் பேசக் கூப்பிட்டிருக்கிறார். 28ஆம் தேதி, அதே விழுப்புரம். ‘அதே தொகுப்பிலுள்ள மற்ற கதைகள்.’

இன்று தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே அமைதி, அடுத்த கதைக்காக. நானும் என் வகுப்புக்கு சைலன்ட் ரீடிங் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் மௌனம். ஃபேன் மட்டும் சுற்றியது. யாரோ ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு தாங்காமல் இருமல் வந்தது. அந்தப் பக்கமிருந்து சார், “அங்க கிளாஸ் இல்லையா மிஸ்?” என்றார்.

“நடக்குது சார். படிச்சிக்கினு இருக்காங்க.”

மார்ச் 14

நாலு நாளாக மௌனம். இன்று சாரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். ஆள் வாடியிருந்தார்.

“மிஸ், அந்த மல்லாட்டைக் கதை… எந்தத் தொகுப்புல வருது?”

“நீங்கதானே சார் சொன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“இல்ல, புக்கு வீட்டுல எங்கயோ வெச்சிட்டேன்.”

எங்கே வைத்தாராம்!

மார்ச் 17

சமீரா விடமாட்டேன் என்கிறாள். “28ஆம் தேதி நானே எழுந்து கேக்கறேன்க்கா. தாவரவியல்காரி கேட்டா யாரு மறுக்க முடியும்? ஆளு அங்கயே காலி.”

கேட்க இனிப்பாக இருந்தது. பஸ் மயிலம் திருப்பம் வரும்வரை அந்த இனிப்பு இருந்தது. அப்புறம், சாரின் பிள்ளைகள் அறுபது பேர் இந்தக் கதையைப் பரீட்சையில் எழுதப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்தது. அவர்கள் எனக்கு என்ன பண்ணினார்கள்? நான் நடத்தும் கதைகளில் பழிவாங்குகிறவர்கள் ஒரு அடியோடு நிறுத்துவதே இல்லை. இரண்டாவது அடி எப்போதும் வேறு யார் மேலாவது விழும்.

அதோடு, ஜூன் கையெழுத்து. அதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒன்றும் தியாகி இல்லை.

மார்ச் 18

சாரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அது பழைய கதை இல்லை, நான் கட்டியது, உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள் என்று. முதலில் நம்பவில்லை.

“மல்லாட்டை இருக்கு இல்ல சார் அதுல?”

“மல்லாட்டைக்கு என்ன?”

சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்: “எங்கப்பா வல்லத்துல நாலு ஏக்கர் மல்லாட்டை போட்டவரு மிஸ். அது இல்லாத ஒரு ஊரு உலகத்துல இருந்திருக்கும்னே எனக்குத் தோணல.”

பாவமாக இருந்தது. எனக்கு இது ஒரு வியாதி. எல்லோரும் பாவமாகத் தெரிந்துவிடுகிறார்கள்.

மார்ச் 28

இன்று நடந்ததை முழுசாக எழுதாமல் படுக்கமாட்டேன்.

சார் மேடையேறினார். நன்றாகவே உடுத்தியிருந்தார். ஆரம்பித்ததும் இதுதான் சொன்னார்: “போன தடவை நான் சொன்ன கதையில ஒரு பொறி வெச்சிருந்தேன். மத்தியகால இங்கிலாந்தில் மல்லாட்டை கிடையாது. உங்களைச் சோதிக்கத்தான் சொன்னேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கலை!”

ஐயோ! கதையைத்தான் திருடினார் என்று பார்த்தால், நான் வைத்த பொறியையும் திருடிவிட்டார்! பாவம் பார்த்து நானே கையில் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சிரிப்புதான் வந்தது. அப்படியே குலுங்கிக் குலுங்கி. சமீரா என் தொடையைக் கிள்ளினாள்.

ஹால் கைதட்டியது. மாணவனாக இருந்தபோதே அந்தக் கதையைப் படித்த பேராசிரியர் தொண்டையைச் செருமி, “நானும் அன்னைக்கே கவனிச்சேன். சபையில சொல்லவேணாம்னு விட்டுட்டேன்” என்றார்.

அப்போது கலைப்பிரியா எழுந்தாள். மூன்றாவது வரிசை. என் வகுப்புப் பிள்ளைகளோடு வந்திருந்தாள்.

“சார், அப்படின்னா அந்தக் கதைய எழுதினது யாரு?”

சார் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார். “அதானே! அருமையான கேள்வி. புகழேந்தி, நீங்கதானா? இந்தக் காலத்துல இப்படி யாரு எழுதறாங்க? இன்னும் ஒரு பத்துக் கதை எழுதிக் கொடுங்க, தொகுப்பாப் போட்டுடலாம். ஜல்தியா வேணும், கோடை லீவுக்குள்ள. இப்பவே ஒண்ணு சொல்லுங்களேன், கேப்போம்.”

சாரின் முகத்தை நான் மறக்கமாட்டேன். ‘ஆம்’ என்றால் பெயர் கிடைக்கும். ஆனால் பத்துக் கதை! அதில் ஒன்று இப்போதே! மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். மிச்சத்தையும் குடித்தார்.

“அது… நம்ம டிபார்ட்மென்ட் அமலா மேடம் எழுதினதுங்க.”

மனம் திருந்திச் சொன்னார் என்று எழுத ஆசைதான். பத்துக் கதைக்குப் பயந்து சொன்னார். பரவாயில்லை. எப்படிச் சொன்னாலும் மைக்கில் சொன்னார்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். புடவை காலைத் தடுக்கியது. யாரோ ஒரு பெண், வேறு கல்லூரி, எழுந்து கேட்டாள்: “மேடம், அந்த விதவை ஏன் ‘திருடன்’னு கத்தாம ‘அற்புதம்’னு கத்தினா?”

“திருடன்னு கத்தியிருந்தா அன்னைக்கு ஒரு நாள்தான்மா கொட்டியிருக்கும்” என்றேன்.

ஹால் அதிர்ந்தது. சார்கூடச் சிரித்தார், நான் பார்த்தேன். அப்புறம் புதிதாக ஒரு கதையும் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்தது.

ஏப்ரல் 9

நாலாவது கதை. தேவாவுக்கு இட்லி ஆறிப்போயிற்று. அப்படியே தின்றுவிட்டுப் போனார்.

ஜூன் 19

கையெழுத்து ஆகிவிட்டது. சார் உடனே போட்டுக் கொடுத்தார். இந்தக் கதைப் பாடம் இனி இரண்டு வகுப்புக்கும் நானே. அவருடைய பிள்ளைகளும் என் பக்கத்திலேயே வந்து உட்காருகிறார்கள். இடம் போதவில்லை.

கிளம்பும்போது சார் கூப்பிட்டார். கொஞ்சம் தயக்கம். “மிஸ், ஒண்ணு சொல்லலாமா? அந்த விதவை தனியா ஒருத்தி மண்டியிட்டா ஊரே மண்டியிடுமா? நாலு பேரு சேர்ந்துதான் ஒரு கூட்டம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும். ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கணும்.”

“யோசிக்கறேன் சார்” என்றேன்.

நல்ல யோசனை. ரொம்பவே நல்ல யோசனை. விழுப்புரம் வருவதற்குள் பஸ்ஸிலேயே பக்கத்து வீட்டுக்காரியை எழுதிச் சேர்த்துவிட்டேன். கதை இப்போதுதான் கதையாக இருக்கிறது.

சாப்பிடும்போது தேவாவுக்குப் படித்துக் காட்டினேன். “அட, இந்தப் பக்கத்து வீட்டுக்காரி எப்படி வந்தா? யாரு சொன்னது?” என்று கேட்டார்.

“எனக்கேதான் தோணிச்சு” என்றேன்.